பிடாரிக்குப் பொருள் சொன்னவர்கள்

வடவயலில் பிடாரி என்ற பெயரில் ஒரே சமயத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். கிணற்றடிப் பிடாரி, நெட்டைப் பிடாரி, பல்லுப் பிடாரி, ஆலங்குடிப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த அசலூர்ப் பிடாரி, ஐந்தாவதாக அடைக்கலத்தின் மகள் பிடாரி. ஊரின் வடக்கு எல்லையில் வேப்பமரத்தடியில் ஒரு காலை மடித்து ஒரு காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருக்கும் கல்லையும் சேர்த்தால் ஆறு. இந்த ஆறு பேரில் ஒருவருக்கும் தங்கள் பெயருக்கு அர்த்தம் என்று ஒன்று இருந்தாக வேண்டும் என்று தோன்றியதில்லை. மற்ற ஊர்களில் பெண்களை அடங்காப்பிடாரி என்று திட்டுவார்கள். வடவயலில் அந்த வசவு எடுபடாது. அங்கே யாராவது அப்படித் திட்டினால், எந்தப் பிடாரியைச் சொல்கிறாய் என்று விவரம் கேட்பார்கள்.

இது அடைக்கலத்தின் மகள் பிடாரியின் கதை. அவளுக்கு முன்னால் பிறந்த மூன்று பிள்ளைகளையும் அம்மை கொண்டுபோய்விட்டது. நாலாவதாக இவள் பிறந்ததும், தாய் முனியாயி தீட்டுக்கூடக் கழியாத உடம்போடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வடக்கு எல்லைக்குப் போய்க் கல்லின் முன்னால் மண்ணில் கிடத்தினாள். "இது ஒம் புள்ள. ஒம் பேருதான் இதுக்கு. இனிமே தூக்குறதுன்னா ஒன் பேரத்தான் நீ தூக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கல் அந்தப் பேச்சுக்குக் கட்டுப்பட்டதோ என்னவோ, குழந்தை பிழைத்தது. நெஞ்சு நிமிர்ந்து, குரல் கணீரென்று, எதைச் சொன்னாலும் "ஏன்" என்று கேட்கிற பெண்ணாக வளர்ந்தது.

1948ஆம் ஆண்டு பங்குனிக்கு முன்பே புதுக்கோட்டை சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்துவிட்டது. அந்த ஆவணியில் பிடாரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை ஆண்டியப்பன் புதுக்கோட்டை டவுனில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். வித்துவான் பரீட்சையில் முதல் பாகம் தேறியிருந்தார். இரண்டாம் பாகம் தேறுவதற்கு முன்பே தேறிய மாதிரி நடக்கப் பழகியிருந்தார். கழுத்தைச் சுற்றித் துண்டு, சட்டைப்பையில் பவுண்டன் பேனா, வாயில் எந்நேரமும் ஒரு வெண்பாவின் பாதி. பெண் பார்க்க வந்தபோது பெண்ணின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பெயரைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. பிறகு யாரோ சொன்னபோது அது வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயராக இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

கீழராஜ வீதியில் பத்திரிகை அடிக்கக் கொடுத்த இடத்தில்தான் விஷயம் உறைத்தது. அச்சுக் கோக்கிறவர் காகிதத்தைப் படித்தார். "திருநிறைச்செல்வி பிடாரி" என்று வாய்விட்டு ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்தவரைக் கூப்பிட்டு அவரையும் படிக்கச் சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்து மரியாதையாகச் சிரித்தார்கள். ஆண்டியப்பன் காகிதத்தைப் பிடுங்கி, பவுண்டன் பேனாவைத் திறந்து, பிடாரியை அடித்துவிட்டு "பிரகதாம்பாள்" என்று எழுதினார். சமஸ்தானம் போன வருஷத்திலேயே சமஸ்தானத்து அம்மன் பெயரைத் தன் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

பத்திரிகை வடவயலுக்குப் போனது. அந்த ஊரில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் பிடாரியின் பெரியப்பா பெரியண்ணன் ஒருவர்தான். கோயில் காரியமும் அவர் பொறுப்பு. அவர் பத்திரிகையை இரண்டு தடவை படித்தார். மறுநாள் காலையில் அறந்தாங்கி பஸ்ஸைப் பிடித்து டவுனுக்கு வந்து ஆண்டியப்பன் வீட்டு வாசலில் நின்றார்.

"மாப்ள, நாங்க குடுக்கறதாச் சொன்னது பிடாரிய. இதுல வேற யாரோ இருக்கே. பொண்ண மாத்திட்டீங்களா?"

"அதே பொண்ணுதான் மாமா. சும்மா பத்திரிகைக்காக."

"பத்திரிகைக்கு ஒரு பொண்ணு, வீட்டுக்கு ஒரு பொண்ணா?"

"நாலு பெரிய மனுசங்க வருவாங்க. பேரு கொஞ்சம் நாகரிகமா இருக்கட்டுமேன்னுதான்."

பெரியண்ணன் கையிலிருந்த பத்திரிகையை மறுபடி பார்த்தார். "ஒங்க பேரையும் அடிச்சிட்டு வேற ஏதாச்சும் போட்டிருக்கலாமே. ஆண்டின்னா பிச்சக்காரன்னுல்ல ஆகுது" என்றார். குத்திக்காட்டுவதற்காக அவர் சொல்லவில்லை. சந்தேகத்தைத்தான் கேட்டார். ஆண்டியப்பன் பழனி முருகனைப் பற்றிப் பத்து நிமிஷம் விளக்கம் சொல்லி அவரை அனுப்பிவைத்தார்.

கல்யாணம் நடந்தது. பிடாரி டவுனுக்கு வந்தாள். பல்லவன் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. புதுப் பெண்ணைப் பார்க்கப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் மூன்று பேர் வந்தார்கள். ஆண்டியப்பன் உள்ளே பார்த்து, "பிரகதா, காப்பி" என்றார். உள்ளே அரிசி புடைக்கும் சத்தம் நிற்கவில்லை. "பிரகதாம்பாள்" என்றார். சத்தம் அப்படியே இருந்தது. மூன்றாவது தடவை குரலை உயர்த்தியபோது, அடுத்த வீட்டு வியாகுலமேரி கொல்லைப் பக்கமாக எட்டிப் பார்த்து, "அக்கா, அவரு ஒங்களத்தான் கூப்புடறாரு போல" என்றாள்.

"என்னையா? வேற யாரோ வந்திருக்காங்கன்னுல்ல நெனச்சேன்" என்றாள் பிடாரி. அந்தக் குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

வியாகுலமேரி ஆவூர்ப் பக்கத்துக்காரி. பெரியாஸ்பத்திரியில் நர்ஸ். பிடாரிக்கு டவுனில் கிடைத்த முதல் சிநேகிதி அவள்தான். ஒருநாள் துணி உலர்த்திக்கொண்டே பிடாரி அவளிடம் கேட்டாள்.

"ஒம் பேருக்கு என்ன அர்த்தம்?"

"மேரின்னா மாதா. வியாகுலம்னா துக்கம். மகன் செத்ததப் பாத்து நெஞ்சுல வாள் பாஞ்ச மாதிரி நின்ன மாதா."

"இவ்வளவு துக்கத்தப் போயா பேரா வச்சாங்க? மாத்தச் சொல்லி ஒங்க வீட்டுக்காரரு சொல்லலையா?"

"அவருக்கு அவங்கம்மா வச்ச பேரு சூசை. அதுக்கே அர்த்தம் தெரியாது. என் பேருக்கு எங்க போவாரு?" என்று சிரித்தாள் வியாகுலமேரி.

துக்கம் என்று பெயர் வைத்துக்கொண்டு இந்தப் பெண் நாள் முழுக்கச் சிரிக்கிறாள். நமக்குப் பெயரில் ஒரு குறையும் இல்லை, ஆனாலும் கூச்சப்படச் சொல்கிறார்கள். பிடாரிக்கு இது புரியவே இல்லை. தன் பெயர் எழுத்தில் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. வியாகுலமேரியிடமே எழுத்துப் படித்தாள். முதலில் எழுதிய சொல் தன் பெயர். மூன்றே எழுத்து. பிரகதாம்பாள் என்று எழுதக் கற்றுக்கொள்ள அவளுக்கு அவசரம் எதுவும் இல்லை.

முதல் தேர்தலுக்காக வீடு வீடாகப் பெயர் எழுதிக்கொண்டு வந்தார்கள். எழுதுகிறவர் இரண்டு தடவை வந்தார். முதல் தடவை ஆண்டியப்பன் வீட்டில் இருந்தார். பிரகதாம்பாள் என்று எழுதச் சொன்னார். விட்டுப்போனவர்களைச் சரிபார்க்க அவர் மறுபடி வந்தபோது பிடாரி மட்டும் இருந்தாள். பிடாரி என்று எழுதச் சொன்னாள். எழுதுகிறவருக்கு வாத்தியார் வீட்டில் இரண்டு பெண்கள் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. இரண்டு பேரையும் எழுதிக்கொண்டார். ஒருத்திக்கு இருபத்தொன்று என்றும் இன்னொருத்திக்கு இருபத்துநாலு என்றும் வயது போட்டார். 1952 தை மாதம் ஓட்டுப் போடப் போனபோது, பெண்கள் வரிசையில் பிடாரி நின்றாள். கட்சிக்காரர் ஒருவர் பட்டியலைப் பார்த்து, "பிடாரியா? அடங்கினதா, அடங்காததா?" என்று கேட்டுச் சுற்றிலும் பார்த்தார்.

"ஓட்டுப் போட்டுட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் இருங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். விரலில் மையோடு வெளியே வந்து, அவர் எதிரே நின்று, "கேட்டீங்களே, என்ன?" என்றாள். அவர் வேறு யாருக்கோ அவசரமாகச் சீட்டுத் தேடிக்கொண்டிருந்தார்.

சாயந்திரம் ஆண்டியப்பன், "பிரகதாம்பாள் ஓட்டு ஒண்ணு சும்மா கெடக்கு. மை அழிஞ்சா..." என்று ஆரம்பித்தார். வித்துவான்களுக்கும் இப்படிப்பட்ட யோசனைகள் வருவதுண்டு.

"அவ வந்தா போடட்டும். நான் அவள இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றாள் பிடாரி.

சில வருஷங்களில் காற்று திரும்பியது. டவுனில் மன்றங்கள் முளைத்தன. வடமொழிப் பெயர் வைத்திருந்தவர்கள் எல்லாம் ராத்திரி படுத்துக் காலையில் எழும்போது தமிழ்ப் பெயரோடு எழுந்தார்கள். ஆண்டியப்பன் இதற்குள் வித்துவான் தேறி உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர் ஆகியிருந்தார். தமக்கு "வயற்கிழார்" என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்.

"கிழாருன்னா கிழவருன்னு அர்த்தமாங்க?" என்று பிடாரி கேட்டாள்.

"உரிமையாளர். நிலத்துக்கு உடையவர்."

"நமக்கு நெலம் ஏது?"

அதற்கு இலக்கணத்தில் பதில் இல்லை. அவர் கவலையெல்லாம் பிரகதாம்பாளைப் பற்றித்தான். மன்றத்தில் ஒருவர், "வயற்கிழார் இல்லத்தில் வடமொழி வாசம் வீசுகிறதே" என்று கேட்டுவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து மனைவியை உட்காரவைத்து, பிரகத் என்றால் பெரிய, அம்பாள் என்றால் நாயகி, ஆகவே இன்று முதல் நீ பெரியநாயகி என்றார்.

பிடாரி விரலை மடக்கினாள். "மூணாச்சு" என்றாள். "நடுவுல எனக்குச் சோறு வடிக்க நேரம் விட்டீங்கன்னா நல்லாருக்கும்."

இப்படியே போயிருந்தால் பெரியநாயகியும் ஒருநாள் பழையதாகியிருப்பாள். 1957இல் ஆண்டியப்பனுக்கு ஒரு ஞானோதயம் வந்தது. பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் திடீரென்று நிமிர்ந்தார். பிடாரி என்பதில் பீடு இருக்கிறது. பீடு என்றால் பெருமை. ஆர் என்றால் நிறைதல். பீடு ஆர்ந்தவள் பீடாரி. அது குறுகிப் பிடாரி. தூய தமிழ்ச் சொல். ஒன்பது வருஷமாக வீட்டிலேயே ஒரு தூய தமிழ்ச் சொல் தோசை சுட்டுக்கொண்டிருந்திருக்கிறது, தாம்தான் கவனிக்கவில்லை. ஒரு மாதத்தில் நாற்பது பக்கம் எழுதினார். மன்றத்தின் ஆண்டு விழாவில் "பிடாரி: ஒரு சொல்லாய்வு" என்று அவர் சொற்பொழிவு ஏற்பாடாகியது. சுவரொட்டியில் பிடாரி என்ற எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம் இருந்தது.

பிடாரியும் வியாகுலமேரியும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். பிடாரியின் மடியில் நாலு வயது மகள் செந்தாமரை தூங்கிக்கொண்டிருந்தாள். ஆண்டியப்பன் பீடு பற்றி ஒரு மணி நேரமும், ஆர் பற்றி ஒரு மணி நேரமும் பேசினார். மூன்றாவது மணியில் நெகிழ்ந்தார்.

"என் இல்லத்தரசியின் பெயரே பிடாரிதான். பெயருக்காகவே அவரை மணந்தேன். ஒன்பது ஆண்டுகளாக அப்பெயரை என் நெஞ்சில் சுமந்துவருகிறேன்" என்றார்.

வியாகுலமேரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பேச்சு முடிந்ததும் விழாத் தலைவர் சோலையப்பன் எழுந்தார். கல்வெட்டுகளைப் படியெடுக்கிற வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வெயிலில் பாறைகளோடு குப்பை கொட்டியதால் அலங்காரமாகப் பேச வராது. "வயற்கிழார் சொன்னது கேக்க நல்லாருக்கு. ஆனா அது இல்லீங்க" என்று ஆரம்பித்தார். "பட்டாரகர்னு வடக்க ஒரு சொல்லு. மதிப்புக்குரியவருன்னு அர்த்தம். அதுக்குப் பெண்பால் பட்டாரி. அதுதான் தேஞ்சு பிடாரி ஆச்சுன்னு படிச்சவங்க சொல்றாங்க. சோழர் காலத்துக் கல்லுலயே ஊருக்கு ஊரு பிடாரி இருக்கா. பெரிய அம்மா, மரியாதைக்குரிய அம்மான்னு வச்சிக்கங்க."

தூய தமிழுக்கு இப்படி நடுமேடையில் வடக்கே பிறந்த வீடு கண்டுபிடித்ததை மன்றத்தார் பொறுப்பார்களா? ஒருவர் எழுந்து, பாம்பு பிடிக்கிறவன் பிடாரன், அவன் கும்பிட்ட தெய்வம் பிடாரி என்றார். பூசைக்கு வந்திருந்த குருக்கள் ஒருவர், பீடையை ஹரிப்பவள் பீடாஹாரி, இதுகூடத் தெரியாமல் எதற்கு மன்றம் என்றார். பின்வரிசையிலிருந்து ஒருவர், பிடரியில் உட்கார்ந்து ஆட்டுகிறவள், என் வீட்டில் வந்து பாருங்கள் என்று கத்தினார். ஆளாளுக்கு எழுந்து நின்றார்கள். ஒரு நாற்காலி சாய்ந்தது. கூச்சலை அடக்க வழி தெரியாமல் சோலையப்பன், "பேருக்கு உரியவங்களே இருக்காங்கல்ல. அந்தம்மாவக் கேப்போம். மேல வாங்கம்மா" என்றார்.

பிடாரி மகளை வியாகுலமேரி மடிக்கு மாற்றிவிட்டு எழுந்தாள். மேடையேறி மைக்குக்கு முன்னால் நின்றாள்.

"எனக்கு முன்னால மூணு புள்ள அம்மையில செத்துப்போச்சு. நான் பொறந்ததும் எங்காத்தா கோயில்ல கொண்டு போட்டுச்சு. இது ஒம் புள்ள, நீயே பாத்துக்கன்னு சொல்லுச்சு. அதான் பேரு. இங்க சொன்னதெல்லாம் எங்காத்தாளுக்குத் தெரியாது. கேக்க அதுக்கு நேரமும் இல்ல, புள்ள சாகக் கூடாதுங்கறதுதான் அதுக்குக் கவல" என்றாள். எழுந்து நின்றவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அதோடு இறங்கியிருந்தால் ஆண்டியப்பன் தப்பித்திருப்பார். அவள் இறங்கவில்லை. "இவரு பேருக்காகக் கட்டிக்கிட்டேன்னு சொன்னாரு. பத்திரிகையில பிரகதாம்பாள்னு போட்டுத்தான் கட்டினாரு. ரெண்டு வருசமா பெரியநாயகி. பிடாரின்னு இவரு வாயில வந்தது இன்னக்கித்தான். அதுவும் மைக்குல."

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. முன்வரிசையில் இருந்த பள்ளித் தலைமையாசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடங்கினதா அடங்காததா என்று யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் வியாகுலமேரி, "கடைசியில அந்த மைக்க மட்டும் விட்டிருக்கலாம்க்கா" என்றாள். பிடாரி தூங்குகிற மகளைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள். விட்டிருக்கலாம்தான். ஆனால் சொன்னபோது நாக்கில் கற்கண்டு போட்ட மாதிரி இருந்ததை அவளால் மறுக்க முடியவில்லை.

பதினோரு நாள் ஆண்டியப்பன் பேசவில்லை. பேசாத நாளிலும் மூன்று வேளையும் சாப்பிட்டார். பன்னிரண்டாம் நாள், "உப்புக் கொறயுது" என்றார். சமாதானம் ஆகிவிட்டது என்று அர்த்தம். பெயர் சொல்லிக் கூப்பிடுவதை மட்டும் அடியோடு விட்டுவிட்டார். "இந்தா", "ஏய்", "செந்தாமரை ஆத்தாள எங்க" என்று காலம் தள்ளினார். மூன்று பெயர் இருந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை.

1963இல் வடவயலுக்குக் கும்பாபிஷேகம் வந்தது. பினாங்கில் மளிகைக் கடை வைத்துப் பணம் சேர்த்த தங்கமுத்து, வேப்பமரத்தடிக் கல்லுக்கு மண்டபமும் விமானமும் கட்டித் தருவதாகச் சொன்னார். ஊர் மகிழ்ந்தது. அவருக்கு ஒரே ஒரு குறை.

"எங்கடைக்கு வர்ற பெரிய மனுசங்க ஒங்க குலதெய்வம் எதுன்னு கேக்கறாங்க. பிடாரின்னு சொன்னா ஒரு மாதிரி பாக்கறாங்க. இவ்வளவு செலவு பண்ணிக் கட்டிட்டு, அதயா எழுதறது?" என்றார்.

பெரியண்ணன் தயங்கினார். கும்பாபிஷேகம் நடத்தக் கூப்பிட்டிருந்த குருக்கள் தயங்கவில்லை. "ஸ்ரீ பிரகதம்பா பரமேஸ்வரி" என்று எழுதிவிட்டால் கிரகம் எல்லாம் சரியாகிவிடும் என்றார். தலபுராணம் வேண்டும், ஒரு முனிவர் சாபம் வேண்டும், எழுத ஒரு வித்துவான் வேண்டும். ஊர் மாப்பிள்ளை இருக்கும்போது வெளியே தேடுவானேன்? பொன்னாடை உண்டு என்று தெரிந்ததும் ஆண்டியப்பன் பதினாறு பக்கம் எழுதினார். தூய தமிழ், பீடு, ஆர் எல்லாவற்றையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, மந்திரம் தவறிய முனிவர் ஒருவரைப் படைத்து வடவயலுக்கு அனுப்பினார். மனைவியிடம் காட்டவில்லை.

கும்பாபிஷேகத்தன்று காலை முளைப்பாரி ஊர்வலம் வந்தது. ஒன்பது நாள் இருட்டறையில் வளர்த்த பயிரைத் தலையில் சுமந்து அறுபது பெண்கள். முன்வரிசையில் உயிரோடு இருந்த நாலு பிடாரிகள். பிறந்த ஊர் உரிமையில் டவுன் பிடாரியும் அதில் ஒருத்தி. புது மண்டபத்துக்கு எதிரே வந்ததும் கிணற்றடிப் பிடாரி நின்றாள். எழுபது வயது. கண் மங்கல்.

"போர்டு போட்டிருக்காகளே. என்னடி எழுதியிருக்கு? நம்ம பேரு எழுத்துல எப்படி இருக்குன்னு சொல்லு."

பிடாரி தலையில் முளைப்பாரியோடு அண்ணாந்து பார்த்தாள். பச்சைப் பெயிண்டு இன்னும் காயவில்லை. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினாள். பதினைந்து வருஷமாக டவுனில் தன்னைத் துரத்திய பெயர் வடக்கு எல்லைக்கே வந்து உட்கார்ந்திருந்தது.

"நம்ம பேரு இல்ல சின்னாத்தா. ஸ்ரீ பிரகதம்பா பரமேஸ்வரின்னு போட்டிருக்கு."

"அது யாரு?"

"தெரியல. டவுன்ல ஒரு கோயில் இருக்கு. அங்க இருக்கவ."

கிணற்றடிப் பிடாரி போர்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். "அப்ப இது நம்ம வீடு இல்லடி. இது பிடாரிக்கு வளத்த பயிரு" என்று சொல்லிவிட்டு முளைப்பாரியை இறக்கி வேப்பமரத்து நிழலில் வைத்து உட்கார்ந்தாள். மற்ற மூன்று பிடாரிகளும் உட்கார்ந்தார்கள். பின்னால் வந்தவர்களுக்குக் காரணம் தெரியாது. முன்னால் இருப்பவர்கள் உட்கார்ந்ததால் அவர்களும் உட்கார்ந்தார்கள். காரணம் வரிசையில் பின்னோக்கிப் போய்ச் சேர்ந்தபோது கோபமாக மாறியிருந்தது.

மேளம் நின்றது. விமானத்தின் மேல் குடத்தோடு நின்ற குருக்கள் கீழே பார்த்துக் கை காட்டினார். தங்கமுத்து குடையை மடக்கி விரித்தார். பெரியண்ணன் வந்து, மாப்பிள்ளை எழுதிய முனிவர் கதையைக்கூடச் சொல்லிக் கெஞ்சினார். பெண்கள் அவருக்கு வெற்றிலை கொடுத்தார்களே தவிர எழவில்லை. கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஆண்டியப்பனைத் தள்ளிவிட்டார்கள். பொன்னாடையோடு, செருப்பில்லாத காலைச் சுடுமணலில் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு அவர் மரத்தடிக்கு வந்தார்.

"முகூர்த்தம் போகுது."

"போகட்டும். முகூர்த்தம் அவளுக்குத்தானே வச்சிருக்கீங்க."

"ஊரே பாக்குது. எந்திரி."

"நான் மட்டுமா ஒக்காந்திருக்கேன்? அறுவது பேரு இருக்காங்க. அந்த முனிவரு கதையச் சொல்லி எழுப்பிப் பாருங்களேன்."

அவருக்குத் தெரிந்துவிட்டது, அவளுக்குத் தெரிந்துவிட்டதென்று. பிடாரி அவர் முகத்தைப் பார்த்தாள். மேடையில் கண்ட முகம் இல்லை. வேர்த்து, வெளுத்து, நாற்பது வயதுக்குமேல் ஆகிவிட்ட ஒரு மனுஷன். பொன்னாடைச் சரிகை கழுத்தில் குத்தி ஒரு சிவப்புக் கோடு விழுந்திருந்தது. அவளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. எழுந்திருக்கிற அளவுக்கு இல்லை.

"என்ன எழுதச் சொல்ற?" என்றார் மெதுவாக.

"ஒங்களுக்குத் தெரியாததா? அதப்பத்தி மூணு மணி நேரம் பேசினவருதானே."

ஆண்டியப்பன் திரும்பி நடந்தார். தங்கமுத்துவின் குடையைத் தாண்டிப் போய், பெயிண்டர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கினார். "அழிக்கக் கூடாது, எம் பணம்" என்றார் தங்கமுத்து. "அழிக்க வேண்டாம், சேத்துக்கங்க" என்று பெரியண்ணன் குறுக்கே விழுந்தார். வித்துவான் ஏணியில் ஏறினார். பலகையில் மீதி இடம் கொஞ்சம்தான். ஆகவே எழுத்தைச் சிறிதாக்கி, "என்கிற பிடாரி" என்று எழுதி முடித்தார். பரமேஸ்வரி என்கிற பிடாரி.

கூட்டத்தில் இருந்த ஓய்வு பெற்ற ஏட்டு ஒருவர், "கேஸ் கட்டுல கேடிங்க பேரு இப்படித்தான்யா இருக்கும்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் சொன்னதில் தவறில்லை. கிணற்றடிப் பிடாரிக்கு அதெல்லாம் தேவைப்படவில்லை. "இப்ப இருக்கா?" என்று கேட்டாள். "இருக்கு சின்னாத்தா, கடைசியில இருக்கு" என்றாள் பிடாரி. "இருந்தாச் சரி" என்று கிழவி பயிரைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். முகூர்த்தம் தப்பி முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு குடமுழுக்கு நடந்தது. அதனால் அந்த வருஷம் மழைக்கு ஒரு குறைவும் வரவில்லை.

திரும்பும்போது அறந்தாங்கியிலிருந்து வந்த பஸ்ஸில் கட்டுமாவடிக் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே இடம் கிடைத்தது. ஆண்டியப்பனின் வேட்டி நுனியில் பச்சைப் பெயிண்டு. பொன்னாடையைத் தங்கமுத்து கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டார். திருவரங்குளம் தாண்டியதும் அவர் முன்னால் பார்த்தபடியே, "பிடாரி, தண்ணி இருக்கா?" என்றார்.

அவள் உடனே திரும்பவில்லை. அந்தக் குரலில் அந்தப் பெயரைக் கேட்டுப் பழக்கமில்லாததால், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு தூக்குச் சட்டியைத் திறந்து கொடுத்தாள்.

ஆண்டியப்பன் புத்தகத்தை விடவில்லை. பட்டாரியையும் பீடாரியையும் பிடாரனையும் பீடாஹாரியையும் ஒரே நூலில் குடிவைத்து, "முடிவு ஆய்வுக்குரியது" என்று கடைசி வரி எழுதி 1966இல் முந்நூறு பிரதி அச்சிட்டார். சோலையப்பன் ஒரு பிரதி வாங்கிப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை நாற்பத்தொன்று என்று கடிதம் போட்டார். மற்றபடி தமிழுலகம் அமைதியாக இருந்தது.

அந்த வருஷமே பல்லுப் பிடாரியின் பேத்தி காத்தாயி, கைக்குழந்தையோடு டவுனுக்கு வந்தாள். பெண் குழந்தை. கும்பாபிஷேகத்துக்குப் பிறகு ஊரில் பிடாரியின் வார்த்தைக்குத் தனி மதிப்பு இருந்தது.

"அக்கா, மொதப் புள்ள தங்கல. இதுக்குப் பிடாரின்னு வைக்கலாம்னு ஆத்தா சொல்லுது. நீங்க சொன்னா வைக்கிறேன்."

பிடாரி குழந்தையைப் பார்த்தாள். முஷ்டியை இறுக்கிக்கொண்டு தூங்கியது. பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மேரி, இங்கிட்டு வா. அம்ம குத்தற சாமானக் கொண்டா."

காத்தாயிக்குத் திகைப்பாக இருந்தது. "பேரு கேட்டேன்க்கா."

"மொதல்ல குத்திக்க. எங்காத்தா காலத்துல இது கையில கெடைக்கல, அதனால கோயிலுக்கு ஓடுச்சு. நீ ஊசியும் போட்டுக்க, கோயிலுக்கும் போய்க் கும்பிடு. பேரு ஒனக்குப் புடிச்சது வை."

"பிடாரின்னு வச்சா பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்களாக்கா?"

"சிரிப்பாங்க."

"அப்ப வேணாங்கறீங்களா?"

"நான் வேணாங்கல. சிரிச்சா திருப்பிக் குடுக்கத் தெரிஞ்ச புள்ளையான்னு இப்பவே யாருக்குத் தெரியும்?"

வியாகுலமேரி வந்தாள். குழந்தையின் கையில் மருந்தை வைத்துக் குத்தினாள். குழந்தை கண்ணைத் திறந்து மூன்று பேரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, தெருக்கோடி வரை கேட்கிற மாதிரி வீறிட்டது. காத்தாயி அதற்கு விமலா என்று பெயர் வைத்தாள். பெயர் வைக்கிற அன்று பிடாரி இரண்டு கருப்பட்டியும் ஒரு சட்டைத் துணியும் எடுத்துக்கொண்டு வடவயலுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, கடைசி பஸ்ஸில் திரும்பினாள்.